சத்தமில்லாத கூடம்

வீட்டில் அவளுக்குக் கோட்டான் என்று பெயர். வைத்தவன் அண்ணன். பள்ளிக்கூடத்தில் படிக்கிற காலத்திலேயே, தெரு அடங்கிய பிறகுதான் அவளுக்கு மூளை விழிக்கும். காலையில் எழுப்ப வேண்டுமானால் கட்டிலோடு சேர்த்துத் தூக்க வேண்டும். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகவில்லை. ஜவுளிக் கடையில் வேலைக்குப் போனவள், துணி மடிக்கிற மேஜையிலேயே தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். வந்த வாடிக்கையாளர் ஒருவர் அவளையும் துணி மூட்டை என்று நினைத்துத் தன் பையை அவள் முதுகில் வைத்துவிட்டு விலை விசாரித்துக்கொண்டிருந்தார். வேலை அன்றோடு போயிற்று.

பிறகு ஒரு தங்கும் விடுதியில் இரவு வரவேற்பு மேஜை கிடைத்தது. அங்கேதான் எதற்குப் பிறந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஊரெல்லாம் கொட்டாவி விடும் நேரத்தில் அவள் தெளிந்த நீர் போல உட்கார்ந்திருப்பாள். பகலில் தூங்கிப் பழகுவதற்காக முதல் சில மாதம் மருத்துவரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டாள். பிறகு அதுவும் தேவைப்படவில்லை. நன்றாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் விடுதியை இடித்து வணிக வளாகம் கட்டப் போனார்கள்.

"பகல் முழுக்கக் குறட்டை விடுற நாத்தனாரை வெச்சுக்கிட்டு ஒரு பாத்திரத்தைக்கூட நான் சத்தமா வைக்க முடியல" என்று அண்ணி அடுக்களையில் பாத்திரத்தைச் சத்தமாகவே வைத்துக்கொண்டு சொன்னாள். அந்த அண்ணிதான் யாரிடமோ கேட்டு முதியோர் இல்லத்தில் இரவுக்கு ஆள் தேவை என்று கண்டுபிடித்து வந்தாள்.

பெயிண்ட் கிடங்குக்குப் பின்னால், முட்டுச்சந்தில் இருந்தது அந்த இல்லம். வெளிச்சுவர் புதுச் சுண்ணாம்பில் பளிச்சென்று இருந்தது. உள்ளே கால் வைத்ததும் மூக்கில் ஏறியது பினாயில் வாடை. அதற்குக் கீழே, அமுக்கிவைத்த மாதிரி, மூத்திர வாடை. நீளமான ஒரே கூடம். இரண்டு பக்கமும் கட்டில்கள். கடைசியில் கழிவறை, அதற்கு எதிரே சமையலறை. இந்த இரண்டையும் எதிரும் புதிருமாகக் கட்டியவன் கையை ஒடிக்க வேண்டும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேட்ரன் அம்மா ரோஜா பவுடர் மணக்க உட்கார்ந்திருந்தாள். கொழுத்த, வெள்ளையான விரல்கள். பேசும்போது வாயில் எதையாவது மென்றுகொண்டே இருப்பாள்.

"ராத்திரி வேலைன்னா எல்லாரும் ஓடறாங்க. உனக்குப் புடிக்கும்கறே?"

"பகல்தாங்க எனக்கு ஆகாது."

"அப்ப இது உனக்குன்னே செஞ்ச வேலை. நான் பால் குடுத்துட்டுக் கெளம்பிடுவேன். அப்புறம் விடியற வரைக்கும் ஒரு ஈ காக்கா சத்தம் இருக்காது."

மேட்ரன் சொன்னது உண்மைதான். மாலை இருட்டியதும் மேட்ரன் தன் கையாலேயே ஒவ்வொரு கட்டிலுக்கும் பால் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் கூடம் அடங்கிவிடும். அவள் மேஜை விளக்கைப் போட்டுக்கொண்டு வானொலியை மெதுவாக வைத்துக் கேட்பாள், வாரப் பத்திரிகை படிப்பாள். யாரும் கூப்பிடுவதில்லை. இருமல்கூட இல்லை. விடியற்காலையில் படுக்கைகள் நனைந்து ஊறிக் கிடக்கும். இரண்டு டயபர் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டும் தாங்காமல் மெத்தைவரை இறங்கியிருக்கும். அதைப் பகல் ஆயாக்கள் வந்து மாற்றுவார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர்களைக் கடந்து அவள் பேருந்தைப் பிடிக்க ஓடுவாள். அது உன் வேலை இல்லை என்று மேட்ரன் சொல்லியிருந்தாள். அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

கிரேன்காரர் வந்து சேரும் வரைக்கும் இப்படியே போயிற்று.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுக்க அவருக்கு இரவு ஷிப்டுதான், அவரே கேட்டு வாங்கியது. மனைவி போன பிறகு மகள் வீட்டில் இருந்தார். இரவெல்லாம் வீட்டுக்குள் நடந்து, குழாயைத் திறந்து, டிவியைப் போட்டு அவர்களைத் தூங்கவிடாமல் செய்ததால் மகள் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தாள். ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடப்பார். வாயில் நல்ல வார்த்தை வராது.

வந்த இரண்டாம் நாள் இரவு அவள் மேஜைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"என்ன நாத்தம் இது? அழுகின மீன் ஏத்தின கப்பல்லகூட நான் சோறு தின்னிருக்கேன். இங்க தண்ணி குடிக்க முடியல."

"தூக்கம் வரலையா ஐயா?"

"ஆயுசுல ராத்திரி தூங்குனதில்ல. நீ?"

"நானும்தான்."

"அப்ப சரி" என்றார், ஏதோ சம்பந்தம் பேசி முடித்த மாதிரி. அதற்குப் பிறகு தினமும் வந்து உட்கார்ந்தார். உயரத்திலிருந்து பார்த்தால் தண்ணீரில் விளக்குகள் எப்படித் தெரியும் என்று சொல்வார். மருமகனைத் திட்டுவார். வானொலியில் பாடுகிறவர்களைத் திட்டுவார். அவள் விடுதியில் பார்த்த கள்ள ஜோடிகளின் கதைகளைச் சொன்னால், வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரிப்பார். அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அவர் மேட்ரன் கொடுக்கும் பாலை மட்டும் குடிப்பதில்லை. பால் குடித்தால் தனக்குச் சின்ன வயதிலிருந்தே வாந்தி வரும் என்று சொல்லி ஜன்னல் வழியாக ஊற்றிவிடுவார்.

ஒருநாள் மேட்ரன் உறவில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அவசரமாகக் கிளம்பினாள். "இன்னைக்கு நீயே பாலைக் குடுத்துடு. அலமாரியில சின்ன டப்பா இருக்கு. தம்ளருக்கு அரைக் கரண்டி பொடி."

"என்ன பொடிங்க?"

"சத்துப் பொடி."

டப்பாவில் வெள்ளைப் பொடி இருந்தது. பக்கத்தில், மேட்ரன் தன் தேநீரைக் கலக்குகிற அதே கரண்டி. அதன் முதுகில் வெள்ளை ஒட்டியிருந்தது. மேஜைக்கு அடியில் குப்பைக் கூடையில், கடித்துப் போட்ட பழத் தோலுக்கும் வாய் துடைத்த காகிதத்துக்கும் நடுவே, காலி மாத்திரை அட்டைகள் கிடந்தன. அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். பெயரைப் படிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த நீல நிற அட்டையைத்தான் விடுதியில் இருந்தபோது மாதக்கணக்கில் கைப்பையில் வைத்திருந்தாள். அதில் பாதி போட்டாலே பகல் முழுக்க மரக்கட்டை மாதிரி கிடப்பாள். எழுந்தால் நாக்கு தடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போக முடியும்.

அட்டையில் ஒட்டியிருந்த பழச்சாறு விரலில் பிசுபிசுத்தது. அன்று எல்லோருக்கும் வெறும் பாலைக் கொடுத்தாள்.

அந்த இரவில் கூடம் விழித்துக்கொண்டது.

முதலில் ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பாட்டி "யாரு அது, யாரு அது" என்று கேட்க ஆரம்பித்தாள். பிறகு ஒவ்வொருவராக. ஒருவர் தண்ணீர் கேட்டார். ஒருவர் செத்துப்போன தம்பியைக் கூப்பிட்டார். ஒரு பெரியம்மா, பகலில் வாயே திறக்காதவள், கேட்பவர் காது கூசுகிற கெட்ட வார்த்தைகளை ராகம் போட்டுச் சொன்னாள். நாலு பேருக்கு ஒரே நேரத்தில் கழிவறை போக வேண்டியிருந்தது. ஒருவரைத் தாங்கிக் கூட்டிப் போவதற்குள் இன்னொருவர் படுக்கையிலேயே போய்விட்டார். வழியில் மிதித்தாள், வழுக்கியது. கையெல்லாம், மணிக்கட்டு வளையலுக்குள்ளேகூட, மலம். துணியை மாற்றும்போது பல பேருடைய இடுப்பிலும் தொடையிலும் தோல் வெந்துபோய்ச் சிவந்து உரிந்திருந்ததைப் பார்த்தாள். டயபரைப் பிரிக்கையில் தோலும் சேர்ந்து வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தாள். ஒருமுறை பிடிக்க முடியாமல் கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

கிரேன்காரர் அலமாரியிலிருந்து மாற்றுத் துணிகளை எடுத்து ஊன்றுகோலில் மாட்டிக்கொண்டு வந்து நீட்டினார்.

"இவ்வளவு நாளா இவங்கெல்லாம் எங்க போயிருந்தாங்க அம்மாடி?" என்று கேட்டார்.

அந்த நிமிஷத்தில், கை நிறையப் பீத்துணியோடு நின்றபோது, அலமாரியில் இருந்த டப்பா அவள் நினைவுக்கு வந்தது. ஆளுக்கு அரைக் கரண்டி போதும். எல்லாம் அடங்கிவிடும். நினைப்பு ஒரு கணம்தான் இருந்தது. ஆனால் அது வந்ததே, அதுதான் அந்தக் கூடத்திலேயே மிகவும் நாறுவது என்று அவளுக்குத் தோன்றியது.

காலையில் வந்த மேட்ரன் குவிந்து கிடந்த துணி மூட்டையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். கோபப்படவில்லை. எதையோ மென்றுகொண்டு, "பொடி போடலையா?" என்றாள்.

"அது தூக்க மாத்திரை. நானும் போட்டிருக்கேன், எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுபோச்சில்ல? ராத்திரிக்கு ஒரே ஒரு ஆளை வெச்சு இத்தனை பேரைப் பாக்கணும்னா வேற என்ன வழி? நீ பாட்டுக்கு உக்காந்து ரேடியோ கேட்டியே, அந்த நிம்மதி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனச்சே? வானத்திலேர்ந்தா?"

அவளுக்கு முகத்தில் காறித் துப்பின மாதிரி இருந்தது. மேட்ரனின் ரோஜா பவுடர் வாடை தொண்டைக்குள் இறங்கியது.

"வீட்டாளுங்களுக்குத் தெரியுமா?"

"அப்பா அம்மா நல்லாத் தூங்கறாங்களான்னுதான் அவங்க கேப்பாங்க. எப்படித் தூங்கறாங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கேக்காதவங்களுக்கு நான் ஏன் சொல்லணும்?" வாயைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு ராத்திரி ஒத்துக்கல போல. வர்ற திங்களேர்ந்து பகலுக்கு வா. அதுவரைக்கும் பால் என் பொறுப்பு."

வீட்டுக்குப் போய்க் குளித்தாள். மறுபடி குளித்தாள். சோப்பு கரைந்ததுதான் மிச்சம். அண்ணி வைத்த சாப்பாட்டைப் பார்த்ததும் எழுந்து போனாள்.

"என்னடி, மாசமா இருக்கறவ மாதிரி ஓங்கரிக்கிறே?" என்றாள் அண்ணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்தாள். பிறகு, "ஊர் உலகத்துல எல்லா இடமும் அப்படித்தான் இருக்கும். நீ ஏன் கையை விடறே? பகல் வேலை குடுக்கறாங்கன்னா வாங்கிக்க" என்றாள். அண்ணன் செய்தித்தாளைத் திருப்பினான். அவ்வளவுதான்.

ஜன்னலோரப் பாட்டிக்கு ஒரு மகன். வாடகைக் கார் ஓட்டுகிறவன், அதுவும் இரவில் மட்டும். கண் இடுங்கி, எப்போதும் இருட்டைப் பார்த்த மாதிரியே பார்ப்பான். பார்வையாளர் நேரம் பகலில்தான் என்பதால் அவனால் வர முடிந்ததே குறைவு. வேலைக்குக் கிளம்புகிற வழியில் சாயங்காலம் கேட்டுக்கு வெளியே நிற்பான். பழப் பையை வாட்ச்மேன் வாங்கி உள்ளே கொடுப்பான். அந்தப் பழத்தின் தோல்தான் மேட்ரனின் கூடையில் கிடப்பது என்பதை அவள் இப்போதுதான் சேர்த்துப் பார்த்தாள்.

அன்று சாயங்காலமும் அவன் நின்றிருந்தான்.

"அம்மா எப்படி இருக்காங்க அக்கா?"

நல்லா இருக்காங்க என்றுதான் எப்போதும் சொல்வாள். இன்று, "நீங்களே வந்து பாருங்க தம்பி" என்றாள்.

"நேரம் முடிஞ்சுபோச்சுன்னு விட மாட்டாங்களே."

"ராத்திரி சவாரிக்கு நடுவுல எப்ப முடியுதோ அப்ப வாங்க. பின்கதவு வழியா வாங்க. நான் இருப்பேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். தலையசைத்துவிட்டுக் காரை எடுத்தான்.

மேட்ரன் தன் கையால் பால் கொடுத்துவிட்டுப் போனாள். கூடம் அடங்கியது. முன்பு அவளுக்குச் சுகமாக இருந்த அந்த நிசப்தத்தில் இப்போது வானொலியைப் போட அவளுக்கு மனம் வரவில்லை. கிரேன்காரர் மட்டும் எதிரே உட்கார்ந்திருந்தார். நடுநிசி தாண்டி அவன் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஏதோ கோயிலுக்குள் வருகிற மாதிரி மெதுவாக வந்தான்.

"அம்மா" என்றான். தோளைத் தொட்டான். பிறகு குலுக்கினான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வாயோரம் எச்சில் வழிந்து காதுவரை காய்ந்திருந்தது. உதட்டில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. அதை விரட்ட அந்த முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அவன் போர்வையை விலக்கினான். வாடை எழுந்து வந்தது. அவளைப் பார்த்தான், அவள் தலையசைத்தாள். இரண்டு பேருமாகத் திருப்பிப் படுக்க வைத்து, துணியைப் பிரித்தார்கள். இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குப் புண். அதன் நடுவே குழி.

அவன் சத்தம் போடுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் வெளியே போனான். பின்சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"எத்தனை நாளா?"

"நான் வந்ததிலேர்ந்து இருக்கும். எனக்குத் தெரியல. நான் பாக்கல." சொல்லும்போதே அவளுக்கு வாய் கசந்தது. "பால்ல மாத்திரை கலக்கறாங்க. எல்லாருக்கும்."

"இவங்களுக்கெல்லாம் ஆளே இல்லையா?"

"இருக்காங்க" என்றார் கிரேன்காரர், நாற்காலியிலிருந்தே. "எனக்கும்தான் ஒரு மக இருக்கா. தூங்கிட்டிருப்பா இப்ப."

அவன் தாயைத் தூக்கிக் காரின் பின்னிருக்கையில் கிடத்தினான். அலமாரியில் இருந்த டப்பாவையும், கூடையில் இருந்த நீல அட்டைகளையும் ஒரு பையில் போட்டு அவள் கொடுத்தாள். நேராக மருத்துவமனைக்கு ஓட்டிக்கொண்டு போனான்.

மருத்துவமனையிலிருந்து தகவல் போய், பொழுது விடிந்ததும் இல்லத்து வாசலில் போலீஸ் வண்டி. கூடவே சுகாதார அதிகாரிகள், மூக்கில் கைக்குட்டையோடு. மேட்ரன் நாற்காலி போட்டு அவர்களை உட்காரவைத்துப் பேசினாள். அழக்கூடச் செய்தாள். "ராத்திரி டூட்டி இந்தப் பொண்ணுதான் சார். ராத்திரி நான் இருக்கறதே இல்ல. வேலை செய்யச் சோம்பல்பட்டு இவதான் கலந்திருக்கா. முன்னாடி மாத்திரை சாப்பிட்டவ சார் இவ, விசாரிச்சுப் பாருங்க."

அது பாதி உண்மை என்பதுதான் கொடுமை. அதிகாரி அவளிடம் கேட்டார், விடுதியில் இருந்தபோது மாத்திரை சாப்பிட்டாளா என்று. ஆமாம் என்றாள். அவர் எழுதிக்கொண்டார். பகல் ஆயாக்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் எதுவும் தெரியாது. அவர்கள் கையைப் பிசைவதைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. இத்தனை நாள் அவளும் அப்படித்தானே தெரியாமல் இருந்தாள் என்று நினைத்தபோது அருவருப்பு இன்னும் கூடியது.

கட்டில்களில் இருந்தவர்களிடம் கேட்டால் தூங்கிவிட்டோம் என்பதைத் தவிர அவர்களுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. விழித்திருந்தவர் கிரேன்காரர் ஒருவர்தான்.

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த மகள் அவர் காதில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். "அப்பா, நமக்கெதுக்கு வம்பு? இதை மூடிட்டா உங்களை எங்க வைக்கறது? தெரியலன்னு சொல்லிடுங்க." கிரேன்காரர் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"என்ன?"

"பால்ல கலக்கறது."

மகள் கைப்பையின் வாரைத் திருகினாள். "நல்லாத் தூங்க ஏதாவது குடுப்போம்னு சேக்கறப்பவே சொன்னாங்க. சரின்னேன். நீங்க வீட்ல எங்களைப் படுத்தின பாட்டுக்கு..."

கிரேன்காரர் ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கேட்கும்படி, சரக்கு மேலே போகும்போது கீழே நிற்பவர்களை விலகச் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"பால் இந்தப் பவுடர் பொம்பளை கையால வரும். தேத்தண்ணி கலக்குற கரண்டியாலயே கலக்குவா. குடிச்சவன் பொணம் மாதிரி கிடப்பான். தெனம் பாத்தேன். நான் குடிக்கல, ஜன்னல்ல ஊத்தினேன். இந்தப் பொண்ணு ஒருநாள் கலக்காம குடுத்தா. அன்னைக்கு ராத்திரி இவ அள்ளின பீயை நீங்க யாராவது அள்ளுவீங்களாய்யா?"

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு மேட்ரனைப் பார்த்தார். ஜன்னலுக்குக் கீழே மண் இன்னும் ஈரமாக இருந்தது. அதை அவர்கள் பாட்டிலில் எடுத்துப் போனார்கள். டப்பாவில் இருந்ததும் அதில் இருந்ததும் ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது. மேட்ரனை அழைத்துப் போகும்போதும் அவள் வாய் எதையோ மென்றுகொண்டிருந்தது.

பாட்டி பிழைத்தாள். புண் ஆற நாளாகும் என்றார்கள். மகன் வீட்டோடு வைத்துக்கொண்டான். இரவில் அவன் மனைவியும் பகலில் அவனுமாகப் பார்த்துக்கொண்டார்கள். இல்லம் கொஞ்ச காலம் பூட்டிக் கிடந்து, வேறு பெயர்ப்பலகையோடு மறுபடி திறந்தது. உரிமையாளர் அதே ஆள்தான். இரவுக்கு ஆள் தேவை என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் போகவில்லை. அந்த முட்டுச்சந்தைத் தாண்டிப் பேருந்து போனால்கூட மூச்சை அடக்கிக்கொள்வாள்.

ஒரு பார்சல் கிடங்கில் சேர்ந்தாள். இரவெல்லாம் பெட்டிகளை ஊர்வாரியாகப் பிரிக்க வேண்டும். பெட்டிகள் கூப்பிடுவதில்லை, கூப்பிடாமல் இருப்பதற்கு யாரும் அவற்றுக்கு எதையும் கொடுப்பதும் இல்லை.

ஒரு சாயங்காலம் வேலைக்குப் போகிற வழியில் விலாசம் விசாரித்து, இல்லம் மூடியதும் கிரேன்காரர் போய்ச் சேர்ந்த மகள் வீட்டுக் கதவைத் தட்டினாள். மகள்தான் திறந்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அவரைப் பாக்கணும்."

"தூங்கறார்."

மேட்ரனின் பால் தம்ளர் அவள் நினைவுக்கு வந்தது. "இந்த நேரத்துலயா? நான் பாத்தே ஆகணும்" என்று சொல்லிக் கதவைத் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அறையில் கிரேன்காரர் வாயைத் திறந்து, வீடு அதிரக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ஊன்றுகோல் நழுவி விழுந்த சத்தத்துக்குச் சட்டென்று ஒரு கண்ணைத் திறந்து, "எந்தக் கழுதை அது?" என்றார். அவளைப் பார்த்ததும், "நீயா? இன்னும் பொழுது சாயல. அப்புறம் வா" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாசலுக்கு வந்தபோது மகள் கூடவே வந்தாள். "பகல் பூரா இப்படி. ராத்திரி பூரா டிவி, நடை, பாட்டு. எங்களைத் தூங்கவே விடறதில்ல. நானும் காலைல எழுந்து வேலைக்குப் போறவதானே? நீங்களே சொல்லுங்க."

மகள் சொன்னதில் தப்பில்லை. அது அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும், அன்று பாலில் கலப்பதற்குச் சரி என்று சொன்னவளின் கைகளை அவளால் பார்க்க முடியவில்லை.

"ராத்திரி நல்லாச் சத்தம் போடறாரா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்று மகள் சலித்துக்கொண்டதும், செருப்பை மாட்டிக்கொண்டு, பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.